சரிவை வெட்டாத குடில்

மலையில் நிலம் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் போய்ப் பார்க்கிறார்கள். வானம் தெளிந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். குடில் கட்ட நினைக்கும் நிலத்தை அந்த மாதங்களில் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி என்று கிழக்குப் பக்கத்து நிலமானால், வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில் போங்கள். கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கமானால் ஜூலை, ஆகஸ்டு. குடை பிடித்துக்கொண்டு நிலத்தின் மேல் எல்லையில் அரை மணி நேரம் நின்றால் போதும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலை வழியாக வெளியேறுகிறது என்பது தெரிந்துவிடும். பத்திரத்திலும் சர்வே வரைபடத்திலும் இந்தத் தகவல் இருக்காது. கட்டப்போகும் குடிலின் ஆயுளோ இதைப் பொறுத்தது.

நிலத்தோடு கலந்து நிற்கிற மாதிரி ஒரு குடில் வேண்டும் என்று கேட்பவர்களின் மனதில் பச்சை பெயின்ட், மூங்கில் தட்டி, கல் மாதிரித் தெரியும் டைல்ஸ் போன்றவை இருக்கின்றன. இந்த அத்தியாயம் அங்கிருந்து தொடங்கவில்லை. சரிவு முன்பு இருந்தபடியே இருக்கிறது, தண்ணீர் முன்பு போன வழியிலேயே போகிறது, நடுவில் ஒரு சிறு அறை நிற்கிறது என்றால் அதைத்தான் நிலத்தோடு கலந்த குடில் என்பேன். நிறமும் சுவர்ப் பூச்சும் அதற்குப் பிறகு வருபவை. வெட்டி எடுத்த செங்குத்து மண் சுவருக்கு முன்னால் நிற்கும் கட்டடம் எந்த நிறத்தில் இருந்தாலும் எதிர்மலையிலிருந்து பார்த்தால் அந்தச் சிவப்புக் காயம்தான் முதலில் கண்ணில் படும்.

மண்ணைப் படிப்பது

நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோக்கைட் என்னும் மிகக் கடினமான பாறை. அதன்மேல் அதே பாறை நெடுங்காலமாக மக்கி உருவான செம்மண், பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது இந்த மண் உறுதியானது. கடப்பாறையால் வெட்டினால் செங்குத்தாகவே நிற்கும். அந்த உறுதியைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நாள்கணக்கில் மழை ஊறி, மண்ணுக்குள் நீர் ஏறி, துகள்களுக்கிடையே அழுத்தம் கூடும்போது அதே மண் பிடிப்பை இழந்து வழிகிறது. 1978, 1979 நவம்பர்களிலும், பிறகு 2009 நவம்பரிலும் நீலகிரியில் நடந்தது இதுதான். 2009-ல் சில நாள்களுக்குள் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து பல உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் மழை பதிவானது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் இது. குடிலைத் திட்டமிடும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய மழை இப்படிப்பட்ட நாளின் மழைதான். சராசரி மழையைக் கணக்கில் எடுத்து மலையில் கட்டக் கூடாது.

நகரும் சரிவு முன்கூட்டியே அடையாளம் காட்டும். மரங்களின் அடித்தண்டு கீழ்ப்பக்கமாக வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் மேல்மண் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேலிக் கற்களும் மின்கம்பமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா பாருங்கள். புல்லில் பிறை வடிவ வெடிப்பு இருக்கிறதா, மழை நின்று ஒரு வாரம் கழித்தும் சரிவின் நடுவில் ஊற்று கசிகிறதா என்று தேடுங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அந்த நிலத்தை விட்டுவிடுங்கள். எந்த அஸ்திவாரமும் அதை ஈடுகட்டாது.

உங்கள் எல்லைக் கல்லோடு பார்வையை நிறுத்திக்கொள்ளவும் கூடாது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் புரட்டிப் போட்ட சேறும் பாறையும் ஊருக்கு மேலே, மலை உச்சிப் பக்கத்திலிருந்து ஓடை வழியாக இறங்கி வந்தவை. உங்கள் நிலத்துக்கு மேலே என்ன இருக்கிறது, யார் புதிதாகச் சாலை வெட்டியிருக்கிறார்கள், அவர்கள் தண்ணீரை எந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று ஏறிப் பாருங்கள். கோடையில் வெறும் புல்தரையாகத் தெரியும் ஓடைப் பள்ளங்களிலிருந்தும் சதுப்பு நிலங்களிலிருந்தும் விலகியிருங்கள். சோலைக் காட்டையும் புல்வெளியையும் அடுத்துள்ள சதுப்புகள் மழை நீரை வாங்கி வைத்து மாதக்கணக்கில் கசியவிடுபவை. அவற்றை மேடாக்கிக் கட்டினால் உங்கள் தரையும் நாறும், கீழே இருக்கும் ஊரின் ஊற்றும் வற்றும்.

யானைத் தடம் இன்னொரு விஷயம். சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் தொடர்பான வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தை உறுதி செய்து தீர்ப்பளித்தது. அங்கே கட்டியவர்களில் பலர் பணத்தைப் பெரிய அளவில் முடக்கியிருந்தார்கள். மசினகுடி, மாயார் பக்கம் யாராவது மலிவாக நிலம் இருக்கிறது என்றால், அது ஏன் மலிவு என்று முதலில் கேளுங்கள்.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாக: மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். நீலகிரியில் ஜேசிபி இறக்கவும் ஆழ்துளைக் கிணறு போடவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டட உயரத்துக்கு வரம்பு உண்டு. இங்கே சொல்லப்படும் குடில் ஒரே தளம், மரம் வெட்டுவதில்லை, ஜேசிபி தேவையில்லை என்பதால் அனுமதிக் கோப்பும் மெலிந்திருக்கும். ஆனாலும் நிலத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்திலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் நேரில் விசாரியுங்கள். புரோக்கர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

எவ்வளவு மண் வெட்டுகிறோம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடில் 20 அடி நீளம், 12 அடி அகலம். 240 சதுர அடி. இருவர் தங்க, ஓரமாகச் சமைக்க, ஒரு மேசை போட்டு எழுத இது தாராளம். நிலம் நான்கடிக்கு ஓரடி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கமும் பக்கவாட்டிலும் புழங்க நான்கடி சேர்த்தால், தட்டையான மேடை 24க்கு 16 அடி.

நீளப் பக்கம் சரிவுக்குக் குறுக்காக, அதாவது சமமட்டக் கோட்டின் போக்கில் இருந்தால், மேடைக்காக வெட்டும் மண் சுமார் 770 கன அடி; கொத்தனார் கணக்கில் ஏறக்குறைய எட்டு யூனிட். பின்னால் நிற்கும் மண் சுவர் நான்கடி. இதே குடிலைக் காட்சிக்காகத் திருப்பி, நீளப் பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தால் வெட்டும் மண் 1,150 கன அடி, மண் சுவர் ஆறடி. அறை அதேதான், திசை மட்டும்தான் மாறியது. வெட்டிய மண்ணை அப்படியே முன்பக்கம் தள்ளி மேடையை நீட்டுவது மலையில் வழக்கமாகிவிட்டது. பாதி வீடு வெட்டிய கெட்டி மண்ணிலும் பாதி வீடு கொட்டிய பொலபொல மண்ணிலும் நிற்கும். முதல் நல்ல மழையில் சுவரின் நடுவில் விரிசல் விழுவதற்குக் காரணம் இதுவே.

இனி மேடையே வெட்டாமல் குடிலைத் தூண்களில் நிறுத்திப் பாருங்கள். மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத்தில் ஆறு குழிகள். மொத்தம் 162 கன அடி. ஒன்றரை யூனிட்டைச் சற்றுத் தாண்டும். இரண்டு ஆள்கள் மண்வெட்டியோடு முடித்துவிடுகிற வேலை. பின்பக்கத் தூண் தரைக்கு மேல் ஒன்றரை அடி, முன்பக்கத் தூண் நாலரை அடி. அடியில் காற்றும் மழைநீரும் தடையில்லாமல் போகும். நான் எப்போதும் இந்த முறையைத்தான் பரிந்துரைக்கிறேன்.

தூண் கான்கிரீட்டாகவோ கருங்கல் கட்டாகவோ இருக்கட்டும். மரத்தூண் வேண்டுமென்றால் அதன் அடி மண்ணில் படாமல், கான்கிரீட் கட்டைமேல் இரும்புச் செருப்பில் தரையிலிருந்து ஆறங்குலமாவது உயர்ந்து நிற்க வேண்டும். மண்ணில் நட்ட மரத்தைக் கரையானும் ஈரமும் சில ஆண்டுகளில் முடித்துவிடும். தூண்களைக் குறுக்கே இணைக்கும் பீமும் மூலைவாட்டு முட்டும் கட்டாயம், ஏனென்றால் முகட்டுக் காற்று பக்கவாட்டில் தள்ளும். தூணின் ஆழத்தையும் கம்பிக் கணக்கையும் மண் பரிசோதனைக்குப் பிறகு ஒரு கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும். மொத்தச் செலவில் அவருக்குக் கொடுக்கும் தொகை சிறியது.

மண் வெட்டும் பேச்சில் பலர் மறந்துவிடுவது பாதை. சாலையிலிருந்து வாசல்வரை 200 அடிக்குக் கார் வர வேண்டுமென்று பத்தடி அகலத்தில் பாதை வெட்டினால், அதே நாலுக்கு ஒன்று சரிவில் 2,500 கன அடி மண் போகும். குடிலுக்கு மேடை வெட்டியிருந்தால் போயிருக்கக்கூடிய மண்ணைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கூடவே அந்தப் பாதை மழைக்காலத்தில் ஒரு கால்வாயாக மாறிச் சுற்றுவட்டாரத் தண்ணீரையெல்லாம் உங்கள் வாசலுக்குக் கொண்டுவரும். காரைச் சாலையோரம் விட்டுவிட்டு நடந்து இறங்குங்கள். மூன்றடி அகல ஒற்றையடிப் பாதை போதும். கல்லும் மணலும் தலைச்சுமையாக வருவதால் கூலி கூடும் என்பது உண்மை. அந்தக் கூலி உள்ளூர் ஆள்களுக்குப் போகிறது, சரிவும் பிழைக்கிறது.

கூரைத் தண்ணீர்

சுற்றிலும் இரண்டரை அடி இறவாணம் விட்டால் கூரையின் பரப்பு 25க்கு 17 அடி, ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஒரு மி.மீ. மழைக்கு 40 லிட்டர். ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் 4,000 லிட்டர். சரிவின் மேல் பரவலாக விழ வேண்டிய அந்தத் தண்ணீரை நீங்கள் கூரையால் திரட்டி ஒரே கோட்டில் கொட்டுகிறீர்கள். அது தூண்களின் அடியில் விழுந்தால் குடிலுக்குக் கேடு, அடுத்தவர் தோட்டத்தில் விழுந்தால் அவருக்குக் கேடு.

ஆகவே கூரை விளிம்பில் தகரத் தூம்பு வைத்து முதலில் தொட்டிக்கு விடுங்கள். ஆண்டுக்கு 1,200 மி.மீ. மழையில், சிந்தியதும் சிதறியதும் கழித்துச் சுமார் 38,000 லிட்டர் கிடைக்கும். அவ்வப்போது வந்து தங்கும் குடிலுக்கு ஆழ்துளைக் கிணற்றின் நினைப்பே வேண்டாம். முதல் மழையின் அழுக்கை வெளியேற்ற ஒரு திருப்பு வால்வும், ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டியும் வையுங்கள். நிறைந்த தொட்டி ஒரு பெரிய பாரம் என்பதால் அதைக் குடிலுக்கு மேலே சரிவில் வைக்காதீர்கள். பக்கவாட்டில், கெட்டியான தரையில் வையுங்கள். நிரம்பி வழிவது குழாய் வழியாக இயற்கையான ஓடைக்குப் போய், கல் பரப்பிய இடத்தில் வேகம் தணிந்து விழட்டும்.

குடிலுக்கு மேல்பக்கம் ஒரு பிறை வடிவ வாய்க்கால் வெட்டி, நூறடிக்கு ஓரடி வாட்டம் கொடுத்து, மேலிருந்து வரும் தண்ணீரை இரு பக்கமும் பிரித்துவிடுங்கள். மட்டம் பார்க்க டியூப் லெவல் போதும். வாய்க்காலின் கீழ்க்கரையில் வெட்டிவேர் நடலாம். உறைபனி கடுமையாக விழும் உயரத்தில் அந்த இடத்துப் புல்லையே பெயர்த்து வைப்பது நல்லது. எங்காவது சிறிது வெட்டியே ஆகவேண்டும் என்றால் நான்கடிக்கு மேல் போகாதீர்கள். தாங்குசுவரைச் சிமென்ட் பூசாத கருங்கல் அடுக்காக, மலைப்பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். சிமென்டில் கட்டினால் நீர்க்கசிவுத் துளைகள் விட்டு, பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும். துளை இல்லாத சுவர் தடுத்து நிற்பது மண்ணோடு சேர்த்துத் தண்ணீரையும். அந்தப் பாரத்தில்தான் அது இடியும்.

சுவரும் மரமும்

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பர்மிங்காமில் பிறந்து இந்தியாவுக்கு வந்தவர். இமயமலையில் பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தபோது அங்குள்ள மலைவாசிகள் கிடைத்த கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு கட்டிய முறைதான் தன் உண்மையான கட்டடக் கல்வி என்று கருதியவர். பிறகு கேரளத்தின் வாகமண் மலையிலும் இருந்தார். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கலைப் பட்டைப்பக்கமாக நிறுத்தி நடுவில் இடைவெளி விடுவார்கள். சுமார் கால் பங்கு செங்கல் மிச்சமாகும், உள்ளே அடைபட்ட காற்று குளிரையும் தடுக்கும். கட்டடத்தின் எடை குறைவதால் மலைக்கு ஏற்றது. தூண்மேல் நிற்கும் குடிலுக்கு இதைவிட எடை குறைந்த மரச் சட்டமும் பலகைச் சுவரும் பொருத்தம். இடுப்பளவு எலிப்பொறிச் சுவர், அதன்மேல் பலகை என்று கலந்தும் செய்யலாம்.

மரத்துக்கு எங்கே போவது? சோலை மரங்களைத் தொடவே கூடாது. தோல் பதனிடவும் விறகுக்கும் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரமும் கற்பூர மரமும் நீலகிரியின் புல்வெளிகளை விழுங்கியிருக்கின்றன. முறையான அனுமதியோடு வெட்டப்பட்டு மரக்கடைக்கு வரும் இவற்றை வாங்கினால் ஒரு குற்ற உணர்வும் வேண்டாம். கற்பூர மரம் ஈரத்தோடு அறுத்தால் முறுக்கும், வெடிக்கும்; நிழலில் அடுக்கிப் பல மாதம் உலர்த்தி, போராக்ஸ் கரைசலில் நனைத்தே பயன்படுத்த வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கும் பலகைக்கு ஆகும். பூச்சி அரிப்புக்கு மருந்து வைக்காமல் விடாதீர்கள். உள்தடுப்புக்கு உண்ணிச்செடிக் குச்சிகளைப் பின்னி மண் பூசலாம். காட்டை அடைத்து நிற்கும் களை அது. எவ்வளவு வெட்டினாலும் காட்டுக்கு நன்மைதான்.

வெளிச்சுவரில் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பதை மலையில் தவிர்த்துவிடுங்கள். மஞ்சு நாள்கணக்கில் சுவரில் படிந்து நிற்கும் ஊர் இது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கித் திருப்பி விட்டுவிடும். கூரைக்கு 30 டிகிரி வாட்டம் கொடுங்கள். நார்வேயின் மலைக் குடில்களைப் பார்த்துப் புல் கூரைக்கு ஆசைப்படுபவர்கள் உண்டு. அங்கே பர்ச் மரப்பட்டையைப் பல அடுக்காக விரித்து அதன்மேல் புல்லோடு மண்ணை வைப்பார்கள். நனைந்தால் சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் வரும். தடித்த மரக்கட்டைச் சுவர்கள் அதைத் தாங்கும். மெலிந்த தூண்களில் நிற்கும் நம் குடிலுக்கு அது வேண்டாம். சாம்பல் கலந்த அடர்பழுப்பில், பளபளப்பில்லாத தகடு போட்டு, அடியில் பலகைச் சீலிங்கும் இடையில் தென்னை நார்ப் பலகையும் வைத்தால் மழைச் சத்தமும் அடங்கும், சூடும் தங்கும்.

குளிர்

உறைபனி நிலத்தில் வெதுவெதுப்பாக வாழ்வதைத் தோடர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் நீலகிரியில் இல்லை. மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, புல் வேய்ந்த அவர்களின் வீடு அரை உருளையாகத் தரைவரை இறங்கும். ஊர்ந்து நுழையும் அளவுக்கே வாசல். காற்று மேலே வழுக்கிப் போகும், உள்ளிருக்கும் சூடு வெளியே போகாது. அந்த வடிவத்தைச் சிமென்டில் நகலெடுத்து விடுதி அறையாக்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. அதன் அறிவை எடுத்துக்கொள்ளுங்கள்: குறைந்த உள்ளளவு, தாழ்ந்த கூரை, காற்று வரும் பக்கம் திறப்பின்மை. ஹட்டி எனப்படும் படகர் ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி ஒரே வரிசையில் நிற்பதும் கவனிக்க வேண்டியது. இரண்டு குடில் கட்டுவதானால் தனித்தனியே சிதறவிடாமல் ஒரு பொதுச் சுவரோடு கட்டுங்கள்; சூடும் மிச்சம், தொடப்படும் நிலமும் குறைவு.

வெயிலைப் பொறுத்தவரை, ஊட்டியில் டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 55 டிகிரி உயரத்தில் இருக்கும். இரண்டரை அடி இறவாணம் அந்த வெயிலைச் சுவரின் பாதிவரை மறைத்துவிடும். காலை ஒன்பது மணிக்கு அதே சூரியன் தென்கிழக்கில் 35 டிகிரிக்கும் கீழே. உறைபனி விழுந்த இரவுக்குப் பிறகு உடம்பு தேடும் வெயில் அதுதான். பெரிய ஜன்னலைத் தென்கிழக்குப் பார்த்து வையுங்கள், அடியில் உட்காரத் திண்ணை போடுங்கள். மேற்கிலும் வடக்கிலும் சிறு ஜன்னல் போதும். இரவில் மூட மரக் கதவு இருந்தால் இரட்டைக் கண்ணாடிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. தூண்மேல் நிற்கும் குடிலில் குளிர் தரை வழியாக ஏறும் என்பதால் தரைப் பலகைக்கு அடியிலும் நார்ப் பலகை வையுங்கள்.

கணப்பு வைத்தால் புகைபோக்கியோடு வையுங்கள். அடுப்புக்கரியையோ பார்பிக்யூ அடுப்பையோ மூடிய அறைக்குள் கொண்டுபோய் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன துயரம் மலை ஊர்களில் நடந்திருக்கிறது. எரியும் கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. குடிலை யாருக்காவது தங்கக் கொடுத்தால் இதை வாயால் சொல்லுங்கள், சுவரிலும் எழுதி வையுங்கள், மேலே மூட முடியாத ஒரு காற்றுத் துளையும் விடுங்கள்.

கழிவு

சமவெளியில் தோண்டுவதுபோல உறிஞ்சுகுழி தோண்டினால் ஆண்டு முழுவதும் சரிவுக்குள் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். கீழே யாருடைய ஊற்று இருக்கிறதோ அங்கே அது போய்ச் சேரும். சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறை இந்த அளவுக் குடிலுக்கு நன்றாகச் சரிப்படும். திருச்சி மாவட்டம் முசிறியில் மக்கள் இதைப் புழங்கிக் காட்டியிருக்கிறார்கள். குளிர் மிகுந்த இடத்தில் மக்குவதற்கு நாள் கூடுதலாகும் என்பதால் மலம் சேரும் இரண்டு அறைகளையும் பெரிதாக வைத்து, ஒன்று நிரம்பியதும் முழுதாக ஓராண்டுக்கு மேல் மூடிவிடுங்கள். குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை வழியாக விட்டு, சரிவில் ஒரே இடத்தில் தேங்காமல் பரவச் செய்யுங்கள்.

சமையல் கழிவை வெளியே கொட்டினால் கரடி வரும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக் கிராமங்களில் அது அன்றாடக் கவலை. ஒரு முறை உணவு கிடைத்த கரடி மறுபடி வரும், அடுத்த வீட்டுக்கும் போகும், கடைசியில் கூண்டு வைத்துப் பிடிப்பார்கள். மூடியை இறுக்கும் டிரம்மில் போட்டு, கிளம்பும்போது எடுத்துச் செல்லுங்கள். நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி வேண்டாம், காட்டெருமை நடந்துபோகட்டும். வெளிவிளக்கு ஒன்று, தரையைப் பார்த்து, மஞ்சள் ஒளியில், தேவையானபோது மட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை குடிலைச் சுற்றிக் கற்பூர மரச் சருகு சேரவிடாதீர்கள், அது எண்ணெய் போல எரியும்.

கட்டி முடித்ததும் முற்றத்துக்கும் படிக்கட்டுக்கும் உடனே கல் பதிக்க வேண்டாம். ஒரு முழு மழைக்காலம் போகட்டும். மழை பெய்யும் ஒரு நாள் அங்கேயே இருந்து, தூம்பு எங்கே வழிகிறது, வாய்க்கால் எந்த முனையில் அரிக்கிறது, தூண் குழிகளைச் சுற்றி மண் உள்வாங்கியிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அரித்த இடத்தில் கல் அடுக்கி, உள்வாங்கிய இடத்தில் மண் போட்டு இடித்துக் கெட்டியாக்கி, புல் பெயர்த்து வைத்த பிறகு படிகளைப் பதியுங்கள்.